ஆள் இல்லேன்னா அணைஞ்சிரும்

எட்டு இஞ்சு வேணுமா பத்து இஞ்சு வேணுமான்னு கடைப் பொண்ணு மறுபடியும் கேக்குது. சட்டையில ரிஸ்வானான்னு பேர் குத்தியிருக்கு. நல்ல பொறுமைசாலி, நான் வாயைத் திறக்க மாட்டேங்குறேன்னு தெரிஞ்சும் சிரிச்ச முகமாத்தான் நிக்குது. இந்த நிப்பு எனக்குத் தெரியும். கண் ஆஸ்பத்திரியில இருட்டு ரூம்புக்குள்ள நான் இப்படித்தான் தினமும் நிக்கிறேன், வந்தவங்க மூக்குல அந்த இரும்புச் சட்டத்தை மாட்டி விட்டுட்டு, கண்ணாடியை மாத்தி மாத்திச் சொருகி, இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா, முதல்ல போட்டதா இப்பப் போட்டதான்னு. சில பேரு ரெண்டும் ஒண்ணுதாம்மான்னு சொல்லிட்டு எந்திரிக்கப் பாப்பாங்க. சில பேருக்கு வேர்த்துக் கொட்டும், தப்பாச் சொல்லிட்டா இருக்குற பார்வையும் போயிரும்னு ஒரு பயம், பதில் வராது, நம்ம மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. தப்பு சரி ஒண்ணும் இல்ல சார், உங்களுக்கு எது தெரியுதோ அதைச் சொல்லுங்கன்னு நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன். எனக்கு எது தெரியுது? கடை மேசை மேல வரிசையா ஏழெட்டு போட்டோ ஃப்ரேம், எல்லாத்துலயும் யாரோ வெள்ளைக்காரக் குடும்பம் கடற்கரையில ஓடுது, மறையுது, ஒரு நாய்க்குட்டி வருது, மறையுது, ஒரு பழுத்த கிழவர் கேக்கை ஊதுறாரு, அவரும் மறையுறாரு. ஆடித் தள்ளுபடின்னு கடை பூரா காகிதத் தோரணம், ஏசி காத்துல அது படபடன்னு அடிச்சிக்கிட்டே இருக்கு, எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கல. பத்து இஞ்சே காட்டும்மான்னேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

ஆவணியில எனக்குக் கல்யாணம். இதை மனசுக்குள்ள சொல்றதுக்கே கூச்சமா இருக்கு, நாப்பத்திமூணு வயசுல, வயசுக்கு வந்த மகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. அதோ அந்தப் பக்கம் நின்னு அட்டைப்பெட்டியில அச்சடிச்சிருக்குறதை ஒரு எழுத்து விடாமப் படிச்சிக்கிட்டு இருக்காரே, அவருதான். கதிரேசன். பாலிடெக்னிக்ல வாத்தியாரு. எங்க ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி மாத்த வந்தவரு, அப்ப இருந்து சார்னு கூப்பிட்டுப் பழகிட்டேன், இப்பவும் அதான் வருது. அவரு அக்கா அன்னலட்சுமிக்கு அது ஆகல, புருஷனா வரப் போறவனை யாராவது சாரும்பாங்களா பூமயிலு, மாமான்னு கூப்பிடேன்னாங்க. மாமாங்குறது எனக்கு ஒரே ஒருத்தரு, செத்துப் போன என் புருஷன். அதை எப்படி எடுத்து இவருக்குக் குடுக்க. அந்தம்மா கெட்டவங்க இல்ல, சும்மா சொல்லக் கூடாது, இந்தச் சம்பந்தம் நடக்குறதே அவங்களாலதான், என் மக சாதனாவுக்கு தலை நிறையப் பூவோட வந்து நின்னாங்க முத நாளே. ஆனா கதிரேசன் வீட்டு ஹால்ல, உள்ள நுழைஞ்சதும் நேரா, தமயந்தி இருக்காங்க. அவரோட முதச் சம்சாரம். பட்டுச் சேலை, கழுத்து நிறைய நகை, கண்ணாடிக்கு மேல குங்குமப் பொட்டு, சந்தன மாலை, கீழ ஒரு சின்னச் சிவப்பு பல்பு, பகல்லயும் எரியுது. மஞ்சள் குங்குமத்தோட போனவ, எங்க வீட்டுத் தெய்வம்னு அன்னலட்சுமி சொன்னாங்க. நான் அந்த வீட்டுக்குள்ள போறப்ப முதல்ல அவங்களைத்தான் கும்பிடணும், கல்யாணச் சேலையை அவங்க காலடியில வச்சுத்தான் எடுத்துக் கட்டணும், தாலிக் கொடியில மூத்தாளுக்குன்னு ஒரு பொட்டுக் காசு கோத்துக்கணும். எல்லாத்துக்கும் சரி சரின்னுட்டேன். மனசார சொன்னேன், அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது, செத்தவங்க மேல என்ன பொறாமை. அப்புறம் காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு, எங்க சாதனா அப்பா படத்தை எங்க மாட்டலாம்னு கேட்டேன் பாருங்க. ஒரு வீட்டுல ஒரு ஆம்பளைதான் இருக்க முடியும் பூமயிலுன்னாங்க அன்னலட்சுமி, கோவமாக்கூட இல்ல, பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்குற மாதிரி. கதிரேசன் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

அதுக்கு மறுவாரம் ஃபோன் பண்ணி இதைச் சொன்னாரு. டிஜிட்டல் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கு பூமயில், அதுல எல்லாரையும் போட்டுறலாம், உங்க ஆளு, தமயந்தி, சாதனா, நம்ம, கொடைக்கானல் போனா அந்தப் படம், எல்லாம் மாறி மாறி வரும், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. குரல்ல அப்படி ஒரு சந்தோசம். பாம்பும் சாகணும் கம்பும் உடையக் கூடாதுங்குற கணக்கு. எனக்கும் அப்ப அது பெரிய விசயமாத்தான் பட்டுச்சு, ராத்திரி பூரா மனசு லேசா இருந்துச்சு, காலையில சாதனாகிட்ட சொன்னேன். ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தவ நிமிந்தே பாக்கல. அப்ப அந்த ஆன்ட்டி சுவத்துல, எங்க அப்பா மட்டும் டிவிலயான்னா. டிவி இல்லடி, ஃப்ரேம்னேன். கரெண்டுல ஓடுதுல்லன்னா. எட்டாம் வகுப்புதான் படிக்குது பிள்ளை. அப்பறம் ஸ்கூல் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா, நான் தேனிக்குப் போறேன்மா, பெரியப்பா வீட்டுக்கு, அங்க அப்பா படம் பூஜை ரூம்புல இருக்கு. அழுவலை, கத்தலை. கத்தியிருந்தா நாலு போடு போட்டு நானும் அழுது சரியாக்கியிருப்பேன். போனவாரம் அவ பெரியப்பாவே கூப்பிட்டாரு, பிள்ளையை நாங்க பாத்துக்குறோம்மா, நீ உன் வாழ்க்கையைப் பாருன்னு. எவ்வளவு நல்ல வார்த்தை. அவ போனா திரும்பி வர மாட்டா, எனக்குத் தெரியும், லீவுக்கு வருவா, விருந்தாளி மாதிரி சோபா நுனியில உக்காருவா.

அவளுக்கு அப்பான்னா அந்தப் படம்தான். சோலைராஜன் போறப்ப அவ பால்வாடிக்குப் போயிக்கிட்டு இருந்தா, என்ன நெனப்பு இருக்கும். தனியார் பஸ்ல கண்டக்டரு. மத்தியானம் சாப்பிட வந்தவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு, ஆட்டோவுல போறப்பவே என் தோள்ல தலை சாஞ்சிருச்சு. காரியத்துக்குப் படம் வேணும்னாங்க. இருந்தது கண்டக்டர் லைசென்ஸுக்கு எடுத்த சின்னப் படம் ஒண்ணு, அதைக் கொண்டுபோய் ஸ்டுடியோவுல குடுத்தா, அவன் பெருசு பண்றப்போ ஒரு கோட்டும் டையும் மாட்டி விட்டுட்டான், பின்னாடி நீலமா ஒரு வானம். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்னு சொன்னான். அந்த மனுசன் ஆயுசுல கோட்டைத் தொட்டது கெடையாது. காக்கிச் சட்டை, கழுத்துல ஒரு துண்டு, விரல் இடுக்குல நோட்டை மடிச்சு வச்சுருப்பாரு, வீட்டுக்கு வந்தா டீசல் வாடையும் சில்லறை வாடையும் சேந்து அடிக்கும், குளிச்சாலும் போகாது. சாதனா ரொம்ப நாளு அப்பா ஆபீஸர்னுதான் கிளாஸ்ல சொல்லிக்கிட்டு இருந்திருக்கா. நான் திருத்தல. பரீட்சைக்குப் போறப்ப ஹால்டிக்கெட்டை அந்தக் கோட்டுப் பையிக்கு நேரா கண்ணாடியில வச்சு எடுப்பா. வயசுக்கு வந்தன்னைக்கு, தலைக்குத் தண்ணி ஊத்தி முடிச்சதும், ஈரத் தலையோட போய் அதுக்கு முன்னாடி நின்னா, யாரும் போகச் சொல்லல. எனக்கு அந்தப் படத்தைப் பாத்தா அவரு மாதிரியே இருக்காது. யாரோ பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இருக்கும். ஆனா அவளோட அப்பா அவருதான், அந்தக் கோட்டுக்காரரு. அவளுக்கு இருக்குற அப்பாவையும் எடுத்துட்டு நான் என்னத்தைக் குடுக்கப் போறேன்.

அக்கா, இதுல ஒரு வசதி இருக்குங்குறா ரிஸ்வானா. மேடம்ல இருந்து அக்காவுக்கு வந்துட்டா, நல்லது. ரூம்புல ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் இது எரியும், ஆள் இல்லேன்னா தானா அணைஞ்சிரும், கரெண்ட் மிச்சம். கையை முன்னாடி ஆட்டிக் காட்டுனா, தூங்குன ஃப்ரேம் முழிச்சுக்கிச்சு, கேக் ஊதுற கிழவர் வந்தாரு. வீட்டுல யாரும் இல்லாதப்ப அவரு அங்க இருக்கணும், அதுக்குத்தானே படம். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன், அவ ஸ்கூலுக்குப் போயிருவா, பூட்டுன வீட்டுல அவரு இருந்து பாத்துக்குவாரு, பைத்தியக்காரத்தனம்தான், ஆனா ஒம்பது வருசமா அந்த நெனப்புலதான் வீட்டைப் பூட்டிட்டுப் போறேன். இனிமே நம்ம போனதும் அவரும் போயிருவாரு. கரெண்டு போனாலும் போயிருவாரு. எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை படம் மாறும்னு கேட்டேன். அது நம்ம இஷ்டம்க்கா, பத்து செகண்ட் வச்சுக்கலாம், அரை மணி நேரம்கூட வச்சுக்கலாம்னா. அப்படின்னா ஒருத்தரைப் பாத்துட்டு மறுபடி பாக்கணும்னா? எல்லாப் படமும் ஒரு சுத்து வரணும்க்கா. அப்ப, பரீட்சைக்குக் கிளம்புற பிள்ளை அதுக்கு முன்னாடி காத்துக்கிட்டு நிக்கணும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நான் நின்ன மாதிரி, கல்யாணமான புதுசுல, எத்தனை பஸ்ஸு போகும், அவரு வண்டி மட்டும் வராது, வந்தாலும் நிக்காது, படிக்கட்டுல தொங்கிக்கிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போயிருவாரு, அந்தச் சிரிப்புக்காக வெயில்ல நிப்பேன். நான் நின்னது என் ஆசை. பிள்ளை எதுக்கு நிக்கணும் பெத்த அப்பனுக்கு.

அப்புறம்தான் பூ ஞாபகம் வந்துச்சு. எப்படி இதை யாரும் யோசிக்கல, இவ்வளவு படிச்ச மனுசன் யோசிக்கல, நான் யோசிக்கல. வெள்ளிக்கிழமை பூ வைக்கணும். அமாவாசைக்கு மாலை போடணும். இந்தப் பெட்டிக்கு எங்கன்னு போடுறது? அவரு வர்ற நேரம் பாத்து மாலையைச் சாத்துனா, சாத்தி முடிச்சு கும்பிட்டு நிமிர்றதுக்குள்ள படம் மாறிரும். மாலைக்குள்ள அடுத்தது யாரு வருவா? கொடைக்கானல்ல குதிரை மேல உக்காந்திருக்குற சாதனா வருவா. சிரிச்சுக்கிட்டு, என் பிள்ளை, மாலைக்குள்ள. நெனச்ச உடனே கடைக்குள்ளயே கையை உதறிட்டேன், ஐயோ மீனாட்சி, என்ன புத்தி இது, நல்ல நாளும் பொழுதுமா. உயிரோட இருக்குறவங்க படத்தைச் செத்தவங்க பக்கத்துல மாட்டுறதுக்கே எங்க அம்மா விட மாட்டாங்க, அது ஆயுசைக் கொறைக்கும்னுவாங்க, ரெண்டுக்கும் வேற வேற சுவரு. இந்தப் பெட்டியில சுவரே கெடையாது. யாரு போனவங்க யாரு இருக்குறவங்கன்னு அதுக்குத் தெரியாது, எல்லாரையும் ஒரே கயித்துல கோத்து சுத்தி விட்டுரும். பிடிக்கலேன்னு சொல்லிட்டுக் கிளம்பிரலாமா. கிளம்பி? சொன்னா இவரு சரிம்பாரு. எல்லாத்துக்கும் சரிம்பாரு. அப்புறம் ஒரு மாசம் ஃபோன் வரும், ரெண்டு மாசத்துல ஃபோன் கொறையும், ஒரு நாள் வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிய வரும், கதிரேசன் சாருக்கு வேற எடம் அமைஞ்சிருச்சாமேன்னு. எனக்கு இந்த மனுசன் வேணும். சொல்லிட்டேன், மனசுக்குள்ளயாவது சொல்லிட்டேன். கண்ணு டெஸ்ட் பண்றப்ப எல்லாரும் எழுத்தைப் பாப்பாங்க, இவரு மட்டும், நீங்க சாப்பிட்டீங்களாம்மா, குரல் கம்மியிருக்கேன்னு கேட்டாரு. ஒம்பது வருசத்துல என்னை அப்படி ஒரு ஆளு கேட்டதில்ல. ஊரு ஆயிரம் பேசும், உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா, அதுக்கெல்லாம் நான் பயப்படல. பிள்ளை, இவரு, இந்த ரெண்டு பேருல ஒருத்தரு இல்லாமப் போயிருவாங்கங்குறதுதான் என் பயம்.

போட்டோ ஏத்திப் பாத்துரலாமான்னு கேட்டுக்கிட்டே கதிரேசன் வந்தாரு. அவரு ஃபோனுல எல்லாம் ரெடியா வச்சிருக்காரு, வாத்தியாரு இல்லையா. நான் காலையில சோலைராஜன் படத்தை மாலையோட அப்படியே ஃபோனுல பிடிச்சு அவருக்கு அனுப்பியிருந்தேன், பிடிக்கிறப்ப சாதனா கதவுல சாஞ்சு பாத்துக்கிட்டு நின்னா. தமயந்தி படத்தையும் இவரு அதே மாதிரிதான் சுவத்துல இருக்க எடுத்திருக்காரு, அந்தச் சிவப்பு பல்பு வெளிச்சம் கண்ணாடியில விழுந்திருக்கு. ரிஸ்வானா ஃபோனை வாங்கி என்னமோ தட்டுனா. கடற்கரை வெள்ளைக்காரன் போயிட்டான். முதல்ல அன்னலட்சுமி வந்தாங்க, பேரன் காதுகுத்துல. அப்புறம் நானும் சாதனாவும் தெப்பக்குளத்துல, காத்துல என் சேலைத் தலைப்பு அவ மூஞ்சியில அடிக்குது. நல்லாத்தான் இருந்துச்சு, பளிச்சுன்னு, ஒரு நிமிசம் எனக்கே ஆசை வந்துருச்சு. அப்புறம் ரெண்டு படம் சேந்து வந்துச்சு. கோட்டுப் போட்ட சோலைராஜன் இந்தப் பக்கம். பட்டுச் சேலையில தமயந்தி அந்தப் பக்கம். ரெண்டு பேருக்கும் மாலை, ரெண்டு பேரு நெத்தியிலயும் பொட்டு, நடுவுல ஒரு கோடுகூட இல்ல. அகலம் கம்மியா நெட்டையா இருக்குற போட்டோவா இருந்தா அதுவே ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல சேத்துக்கும்க்கா, எடம் வீணாகாதுன்னு ரிஸ்வானா சொல்லிட்டு, படத்தை நல்லாப் பாத்தா. அவ முகம் வாடிப் போச்சு.

"உங்க அண்ணனும் அண்ணியுமாக்கா? சின்ன வயசா இருக்காங்களே. ரெண்டு பேரும் ஒண்ணாவே போயிட்டாங்களா, ஆக்சிடெண்டா?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கதிரேசன் சொல்லிட்டாரு, "ஆமாம்மா."

ஆமாம்மாவாம். ஒத்தை வார்த்தையில என் புருஷனுக்கும் அவரு பொண்டாட்டிக்கும் கல்யாணம் பண்ணி வச்சு, ஒரே வண்டியில ஏத்தி விட்டும் முடிச்சுட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சத்தியமா, அடக்க முடியாத சிரிப்பு, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன். அந்தப் பொண்ணு நான் அழுவுறேன்னு நெனச்சு தண்ணி கொண்டாறேன்க்கான்னு ஓடிருச்சு. படம் மாறல, அவ எதையோ தட்டி நிறுத்தி வச்சுட்டுப் போயிட்டா, ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருக்காங்க. தெரியாத பொம்பளை பக்கத்துல எவனாவது உக்காந்தா, எந்திரிண்ணே பின்னாடி எடம் இருக்குன்னு எழுப்பி விடுற கண்டக்டரு, இப்ப எங்க எந்திரிக்கிறதுன்னு தெரியாம முழிக்குறாரு. பொருத்தம் வேற நல்லா இருக்கு. கோட்டுக்கும் பட்டுக்கும். யாரு பாத்தாலும் நல்ல ஜோடின்னுதான் சொல்லுவாங்க. அதைப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு, எனக்குள்ள சுருக்குன்னு ஒண்ணு தச்சுச்சு, பொறாமைதான், வேற என்ன, அவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், நாங்க ரெண்டு பேரும் வெளிய, யாரோ மாதிரி. இன்னைக்கு இவங்களைச் சேத்துச்சு, நாளைக்கு அன்னலட்சுமியோட சேக்கும், இல்ல தமயந்தியோட கதிரேசனைச் சேத்து என்னைப் பாக்க வைக்கும், எனக்குக் கோவப்பட உரிமை இருக்கா? ஆமாம்மான்னு சொன்னாரே, அதுதான் எனக்கு ஆறல. பொய்யி சொன்னதுக்கில்ல. அந்தப் பொண்ணுகிட்ட, இது இவங்க வீட்டுக்காரரும்மான்னு சொல்றதுக்கு அந்த மனுசனுக்கு நாக்கு எழும்பல. நானும்தான் சொல்லல. நாளைக்கு வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் கேப்பாங்க, இது யாருன்னு, அப்ப நான் என்ன சொல்லுவேன், சாதனா பக்கத்துல நிக்குறப்ப. அண்ணன்னா? பிள்ளை காதுல விழுற மாதிரி?

கதிரேசன் விக்கிறதுக்கு மின்விசிறியா மாட்டி வச்சிருக்குற பக்கம் போய் நின்னுட்டாரு. அத்தனையும் சுத்துது, அவரு தலைமுடி பறக்குது, கையில அந்த அட்டைப்பெட்டி. நான் பக்கத்துல போனேன். மனுசன் முகம் வெளிறிப் போயிருந்துச்சு. தப்பு பண்ணிட்டேன் பூமயில்னாரு, அவசரத்துல வாயில வந்துருச்சு, அந்தப் பிள்ளைகிட்ட என்னத்தைன்னு விளக்குறதுன்னு. பரவாயில்லன்னு நான் சொல்லல. சொல்லித்தான் பழக்கம், யாரு என்ன பண்ணாலும் பரவாயில்ல பரவாயில்லன்னு, இன்னைக்கு வரல. அவரு பெட்டியை அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு மாத்துனாரு. அப்புறம் சொன்னாரு.

"நான் தமயந்தியைக் கழட்டிடுறேன். சுவத்துல யாரும் வேண்டாம். ரெண்டு பேரும் இதுக்குள்ளயே இருக்கட்டும். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

பொய்யி எதுக்கு, எனக்குக் குளுந்துச்சு. ஒரு மூச்சு நேரம், உள்ளங்கால் வரைக்கும். என்னைக்கு நான் அந்த ஹாலுக்குள்ள காலை வச்சேனோ அன்னைல இருந்து அந்தப் பட்டுச் சேலையும் அந்த பல்பும் என் கண்ணை உறுத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு, செத்தவங்க மேல என்ன பொறாமைன்னு சொல்லிக்கிட்டதெல்லாம் சும்மா. கழட்டட்டும். எனக்காகக் கழட்டுறேங்குறாரு. அப்புறம் அவரு கையில இருந்த பெட்டியைப் பாத்தேன். காலையில எந்திரிச்சதும் அந்த பல்பைத்தான் முதல்ல பாப்பேன், ஃப்யூஸ் போயிருக்கான்னுன்னு ஒரு நாள் சொல்லியிருக்காரு. அந்தம்மா வலியில கெடந்து போனவங்க, கடைசி வரைக்கும் இவருதான் தூக்கி வச்சுக் குளிப்பாட்டினது. அந்தச் சுவத்துல படத்தை எடுத்தா சுண்ணாம்பு வெளுப்பா ஒரு கட்டம் தெரியும், அதைத் தெனமும் பாத்துக்கிட்டு இந்த மனுசன் எங்கூடச் சோறு திம்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. என் பிள்ளைக்கும் அப்பா வர மாட்டாரு. ரெண்டு பேரு வயித்தெரிச்சல்ல நான் எங்க போய்ப் படுக்குறது.

"அவங்களைக் கழட்டாதீங்க," நான் சொன்னேன். "இன்னொரு ஆணி அடிங்க."

அவரு நிமிந்து பாத்தாரு. அக்கா வந்து…ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாரு. எதிர்ச் சுவத்துல அடிங்க, பக்கத்துல வேண்டாம், அந்தப் பொண்ணு மாதிரி இன்னொருத்தரு ஜோடின்னு நெனச்சுருவாங்கன்னேன். அவரு சிரிக்கல. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுவாரு, தெரியும், யோசிக்க ஆரம்பிச்சா அன்னலட்சுமி வருவாங்க, தாய்மாமன் வருவாரு, தெரு வரும், கடைசியில இந்தப் பெட்டிதான் வரும். ரிஸ்வானா தண்ணி பாட்டிலை நீட்டிக்கிட்டு நிக்குது, வாங்கிக்கிட்டேன், குடிக்கல. ஃபோனை எடுத்தேன். சாதனா ஸ்கூல் விட்டு வந்திருப்பா. ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டா, என்னம்மான்னா.

"அப்பா படத்தை இறக்கி, என் பழைய சேலை ஒண்ணுல சுத்தி வை. ஸ்டூலை நல்லா ஊனிக்க, கண்ணாடி பத்திரம். நம்மகூட வருது."

அந்தப் பக்கம் டிவியை அணைக்குற மாதிரி கேட்டுச்சு. அப்புறம் மெதுவாக் கேட்டா, "அந்த அங்கிள் சரின்னுட்டாங்களா?"

நான் கதிரேசனைப் பாத்தேன். அவரும் என்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்குறாரு, பெட்டியைக் கீழ வைக்கவும் இல்ல, பில் போடக் குடுக்கவும் இல்ல.

"இன்னும் சொல்லலடி," நான் சொன்னேன். "நீ சுத்தி வை."